பாத்துக்கறேன் அண்ணன்

தெருவில் அவன் நடந்தால் சின்னதும் பெரிசும் "பாத்துக்கறேன் அண்ணே!" என்று கத்தும். அது அவன் பேரில்லை, வசனம். வாராவாரம் டிவியில் வரும் ஒரு தொடரில் நாயகன் வானத்தில் பறப்பான், கட்டடத்தைத் தூக்குவான். இவன் அவனுடைய உயிர்த்தோழன். கதவோரம் நின்று, "நீ போடா, நான் பாத்துக்கறேன்" என்பான். ஏழு வருஷமாக இதே ஒரு வரிதான். அதற்கே அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

நான் அதே தொடரில் லைட்மேன். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். அந்த வரி கிடைத்த அன்று, அது வாயில் நுழையாமல் திருதிருவென்று முழித்தான். ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால், நாயகன் இடத்தில் நின்று அவனுக்கு ஒத்திகை கொடுத்தவன் நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அப்புறம் ஆளே மாறிவிட்டான். நாயகன் சிரிப்பதற்கு முன்னால் இவன் சிரிப்பான். நாயகன் காபி வேண்டாம் என்றால், பாதி குடித்த தன் காபியையும் கீழே வைப்பான். தன் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று போனில், "நீ வீட்டுக்குப் போக்கா, நான் பாத்துக்கறேன்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, நாயகனின் பிறந்தநாளுக்குப் பலூன் ஊதப் போனான். அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தது நான்.

ஒருநாள் செட்டில் ஏணி ஆடியது. மேனேஜரிடம் சொன்னேன். பக்கத்தில் இவனும் இருந்தான். "ஒரே ஷாட்டுப்பா, ஏறு" என்றார் மேனேஜர்.

"நீ ஏறுடா, நான் பாத்துக்கறேன்" என்று இவன் ஏணியைப் பிடித்தான். நான் மேலே விளக்கைத் திருப்பும்போது, கேரவன் வாசலிலிருந்து நாயகன் கைதட்டிக் கூப்பிட்டான். இவன் ஏணியை விட்டுவிட்டு ஓடினான். எனக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

விசாரணையில் மேனேஜர், ஏணியைப் பற்றி நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை என்று சாதித்தார். மிச்சமிருந்த சாட்சி இவன் ஒருவன்தான். இவன் ஆமாம் என்றால் என் வேலை தப்பும். இல்லையென்றால் என் கவனக்குறைவு, வேலையும் போய்விடும்.

"ஏணி ஆடுதுன்னு இவர் முன்னாடியே சொன்னாரா?" என்று விசாரித்தவர் இவனைக் கேட்டார்.

இவன் மேனேஜர் முகத்தைப் பார்த்தான். "எனக்குத் தெரியாதுங்க. நான் அந்தப் பக்கமே பாக்கலை" என்றான்.

தூ! ஏழு வருஷம் பாத்துக்கறேன், பாத்துக்கறேன் என்று சொன்ன வாய் அது.

என் வேலை போனது. அடுத்த மாசமே அவன் வேஷமும் போனது. நாயகனுக்குத் துணையாக ஒரு நாயைப் போட்டார்கள். அது அவனைவிட நன்றாக நடிக்கிறது.

போன வாரம் ஒரு பை ஆப்பிளோடு வீட்டுக்கு வந்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்து தரையையே பார்த்தான். எனக்கு அருவருப்பாக இருந்தது. பாழாய்ப்போன மனசு, ஆள் இளைத்துவிட்டானே என்றும் நினைத்தது.

நான் உள்ளே போக வேண்டுமென்று என் மனைவியிடம் கை நீட்டினேன். அவன் பதறி எழுந்து வந்தான். "விடு தங்கச்சி, நான்..."

அவள் என் தோளைத் தாங்கிக்கொண்டு, அவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"நீங்க போங்கண்ணே, நாங்க பாத்துக்கறோம்."