இந்த வளைவு உங்களோடது, பாய்

கோலா தெர்லாவை விட்டு நான் நடக்க ஆரம்பித்து வெகு நேரமாகியிருந்தது. சில வருஷங்களுக்கு முன்னால், மலேசியாவின் கேமரன் மலையில் ஆண்டுக்கடைசி மழைக்காலம். கோலா தெர்லாவில் நான் வேலை செய்த காய்கறித் தோட்டத்தின் பிளாஸ்டிக் கூரையைக் காற்று கிழித்துப் போட்டது. முதலாளி இனி ஆள் வேண்டாம் என்றார். தோளில் ஒரு பை, அதற்குள் இரண்டு சட்டை, ஒரு போர்வை. பள்ளிக்கூடம் பாதியில் நின்றதிலிருந்து என் வாழ்க்கை இப்படித்தான். ஊர் எனக்குச் சலித்தாலும், நான் ஊருக்குச் சலித்தாலும், அடுத்த ஊர். குறையாகச் சொல்லவில்லை. விவரம் அவ்வளவுதான்.

கியா பார்ம் தாண்டியதும் பெரிய ரோட்டை விட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குள் போகும் ஒற்றை ரோட்டில் இறங்கினேன். பிரிஞ்சாங்குக்கு அது குறுக்கு வழி. சாயங்காலம்கூட ஆகவில்லை, அதற்குள் பனி இறங்கிவிட்டது. பனி இறங்கிய தேயிலைக்குள் நடப்பது தூக்கத்துக்குள் நடப்பது மாதிரி இருக்கும். முதலில் மலை காணாமல் போகும், பிறகு செடி, கடைசியில் நம்முடைய கால். எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கூடவே வரும்.

அந்தத் தோட்டத்து ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பனியில் நடக்கிறவன் ஒவ்வொரு வளைவிலும் குரல் கொடுக்க வேண்டும். எதிரே வருகிற லோரிக்கு விளக்கு தெரிவதற்கு முன்னால் குரல்தான் தெரியும். நானும் "ஆள் வருது!" என்று கத்திக்கொண்டே நடந்தேன். பதில் இல்லை என்றால் ரோடு காலி என்று அர்த்தம்.

அன்று பதில் இல்லை. ஆனால் இரண்டு எட்டு வைத்ததும் நடு ரோட்டில் ஓர் உருவம் நின்றது. முட்டிக்கொள்ளப் பார்த்தேன்.

"யோவ், கொரல் குடுக்க மாட்டியா?" என்று சத்தம் போட்ட பிறகுதான் வெள்ளைத் தொப்பியும் நரைத்த தாடியும் தெரிந்தன. என் வாய் தானாகவே, "எங்க போறீங்க பாய்?" என்று இறங்கிவிட்டது.

"சும்மா" என்றார். காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் கேட்டது. ஜாக்கெட்டுக்குக் கீழே சாப்பாட்டுக் கடையில் கட்டும் ஏப்ரன் தொங்கியது. கடையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்கிறார்.

அப்போது எஞ்சின் சத்தம். பனியில் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்று சொல்ல முடியாது. நான் இடதுபக்கம் செடிக்குள் பாய்ந்து "ஆள் இருக்கு! ஆள் இருக்கு!" என்று கத்தினேன். பாய் வலதுபக்கம் மண் மேட்டோடு ஒட்டி நின்றார். வாயைத் திறக்கவில்லை. கொழுந்து மூட்டை ஏற்றிய லேண்ட் ரோவர் அது. டிரைவர் என் குரலைக் கேட்டார். கேட்டதும் என்னை விட்டு விலக, வண்டியை வலதுபக்கம் ஒடித்தார். நேராக பாய் மேல்.

"யா அல்லாஹ்!"

அவ்வளவு பெரிய குரல் அந்த உடம்புக்குள் இருந்ததென்று யாரும் நம்ப மாட்டார்கள். மலையே திரும்பச் சொன்னது. வண்டி அலறி நின்றது. சக்கரத்துக்கும் அவர் காலுக்கும் நடுவில் ஒரு கை வைக்கலாம்.

டிரைவர் தலையை நீட்டினார். "வாயில என்ன பாய், கொழுக்கட்டையா? அந்தச் சத்தத்த மொதல்லயே போட்டா என்னவாம் லா!" திட்டிவிட்டு, ஒரு சிகரெட் பற்றவைத்துக்கொண்டு போய்விட்டார்.

பாய் சக்கரம் போன திசையைப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, ரோட்டின் மேலும் கீழும் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டாரோ என்று நினைத்தேன். இல்லை. தன் குரலை யார் கேட்டார்கள் என்று பார்த்திருக்கிறார்.

என்னோடு பிரிஞ்சாங் பக்கம் திரும்பி நடந்துகொண்டே சொன்னார். பாதி வயசை வெள்ளைக்காரர் நாடு ஒன்றில் கழித்தவர், சின்னக் கடை வைத்திருந்தார். அங்கே ரயிலில் குண்டு வெடித்துப் பலர் செத்துப்போனார்கள். வைத்தவன் இவருடைய மதத்தின் பேரைச் சொல்லித்தான் வைத்தான். அந்த வாரமே இவர் ரயிலில் போகும்போது, ஊரிலிருந்து தம்பி ஃபோன் செய்து தனக்குக் குழந்தை பிறந்திருப்பதாகச் சொன்னார். இவர் சந்தோஷத்தில் எழுந்து நின்று "அல்ஹம்துலில்லாஹ்!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். எதிரே இருந்த ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அடுத்த ஸ்டேஷனில் போலீஸ் ஏறி, இவரைக் குப்புறப் படுக்கவைத்துச் சோதனை போட்டது. பிறகு மன்னிப்பும் கேட்டது.

"போலீஸ மறந்துட்டேன் தம்பி. அந்தம்மாவத்தான் மறக்க முடியல. அது நடிப்பில்ல. நெசமாவே பயந்துருச்சு, எங்கொரலுக்கு."

அதன் பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள் பேசுவதை நிறுத்தினார்கள். கடைக் கதவில் யாரோ பெயின்ட்டால் 'உன் நாட்டுக்குப் போ' என்று எழுதினார்கள். எழுதியிருந்தபடியே கடையை மூடிவிட்டு இங்கே வந்துவிட்டார். குரல் மட்டும் கூட வரவில்லை. பிரிஞ்சாங்கில் தம்பியின் கடையில் முன்னால் நின்று ஆர்டர் சொல்வதுதான் வேலை. யாராவது தே தாரிக், அதாவது நுரைக்க ஆற்றிய பால் தேநீர், கேட்டால் அதை ஆற்றுகிறவர் காதில் விழும்படி கத்த வேண்டும். இவர் முணுமுணுத்தார். ஆர்டர் தவறிக்கொண்டே இருந்தது. அன்று மதியம் தம்பி தயங்கித் தயங்கி, "நாளையிலருந்து பின்னால கிளாஸ் கழுவுங்கண்ணே" என்று சொல்லியிருக்கிறார்.

"கூடப் பொறந்தவன் கடையிலயே முன்னால நிக்க லாயக்கில்லேன்னா, இனிமே நான் எங்க போயி நிக்கிறது?"

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அடுத்த வளைவு வந்தது. நான் குரல் கொடுக்காமல் நின்றேன். "இந்த வளைவு உங்களோடது, பாய்."

தொண்டையைக் கனைத்தார். ஏதோ வந்தது.

"கோழிக்குஞ்சு இதவிட நல்லா கத்தும்."

சிரித்துவிட்டார். பிறகு என்ன கத்துவதென்று தெரியாமலோ என்னவோ, மூச்சை இழுத்து, பனியைப் பார்த்துக் கத்தினார். "தே தாரிக் ஒண்ணு!"

குரல் போனது. போய்க்கொண்டே இருந்தது. பிறகு கீழே, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும், கண்ணுக்குத் தெரியாத லயத்துப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் மிதந்து வந்தது. "ரெண்டா போடு பாய்! ஒண்ணுல சீனி கொறச்சு!" பின்னாலேயே யார் யாரோ சிரிக்கும் சத்தம்.

பாய் அப்படியே நின்றார். அவர் கன்னத்தில் ஓடியது பனித்தண்ணீரா என்று நான் பார்க்கவில்லை. கடை வரைக்கும் எல்லா வளைவும் அவருடையதாகவே இருந்தது. கடை வாசலில் தம்பி பதறி ஓடிவந்தார். பாய் என்னைக் கை காட்டி, "பின்னால இவரு நிப்பாரு. நான் முன்னாலயே நிக்கிறேன்" என்றார். தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவரே திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னார்.

மறுநாள் விடிகாலையில் அங்கே கிளாஸ் கழுவும் வேலையில் சேர்ந்தேன். மலைத்தண்ணீர் எலும்பு வரை இறங்கியது. முன்பக்கத்திலிருந்து முதல் ஆர்டர் வந்தது. அது எனக்கான ஆர்டர் இல்லைதான். ஆனாலும் கையைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு "கேட்டுச்சு பாய்!" என்று கத்தினேன். எத்தனையோ வேலை பார்த்துவிட்டேன். ஒரு மனிதருடைய குரல் வந்து சேரும் இடத்தில் நின்று, கேட்டது என்று சொல்வதும் ஒரு வேலைதான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.