ஏழரை அக்காவின் பிரெஞ்சுக் கணக்கு

மருத்துவமனையின் முதல் மாடியில், எலும்பு ஒட்டியவர்களுக்கும் மூட்டு மாற்றியவர்களுக்கும் பயிற்சி கொடுக்கும் கூடத்தில் போய் ஏழரை அக்கா எங்கே என்று கேட்டால் யாரும் காட்டிவிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது, வேறெங்கும் யாரும் அப்படிக் கூப்பிட்டுக் கேட்டதில்லை.

அவளுடைய வேலை எண்ணுவது. டாக்டர் பார்ப்பார், என்ன பயிற்சி என்று எழுதுவார், போய்விடுவார். நோயாளியின் பக்கத்தில் நின்று ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணிக் காலைத் தூக்க வைப்பது பதினெட்டு வருடமாக அவள் பொறுப்பு. இதெல்லாம் ஒரு வேலையா என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களை, ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள் அவளிடம் அனுப்பிவைக்க வேண்டும். அப்போது தெரியும்.

அவள் சொல்லும் ஒன்று கொஞ்சலாக இருக்கும். மூன்றில் கொஞ்சம் அதட்டல் வரும். ஐந்தில், "பாதிக் கெணறு தாண்டியாச்சு" என்பாள். ஏழில்தான் எல்லோருக்கும் கால் கிடுகிடுக்கும், முகம் கோணும், போதும் தாயே என்று கெஞ்சல் வரும். அங்கே எட்டு சொல்லாமல் நிதானமாக "ஏழரை" என்பாள். திட்டாதவர் கிடையாது. திட்டிக்கொண்டே சிரிப்பார்கள், சிரிக்கிற வேகத்தில் கால் எட்டுக்குப் போய்விடும். தோள்பட்டை இறுகிப் போய் வந்த தையல்காரர் ஒருவர், "எல்லாருக்கும் ஏழரை வானத்துல சுத்தும், எனக்கு மட்டும் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கிட்டுப் பக்கத்துலயே நிக்குது" என்று ஒரு நாள் அலுத்துக்கொண்டார். அன்றைக்கு ஒட்டிய பெயர்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவள் கறார். நடுவில் அரை, கால் என்று எதையாவது நுழைப்பாளே தவிர, பத்து என்றால் பத்துதான். பத்து சொன்னதும் நாற்காலி வந்துவிடும், தண்ணீர் வந்துவிடும். பத்துக்கு மேல் "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று அவள் யாரையும் ஏமாற்றியதில்லை. "ஒரு தடவை பதினொண்ணு சொல்லிட்டேன்னு வைங்க, அடுத்த நாள் நான் சொல்ற ஒண்ணைக்கூட எவனும் நம்ப மாட்டான்" என்பாள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த கூடத்துக்கு மதாம் வந்து சேர்ந்தார். ஓய்வுபெற்ற தோழிகளோடு ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர், விடுதிக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். தோழிகள் கண்ணைக் கசக்கியபடி விமானம் ஏறிவிட்டார்கள். மதாமுக்கு பிரெஞ்சைத் தவிர எதுவும் தெரியாது. கூடத்தில் யாருக்கும் பிரெஞ்சு தெரியாது. ஏழரை அக்காவுக்கு அந்த மொழியில் தெரிந்த ஒரே வார்த்தை மதாம், அதையும் செவிலியர்கள் சொல்லித்தான் தெரியும்.

முதல் வாரம் படுதோல்வி. அக்கா அழகாக எண்ணுவாள், மதாம் மூன்றிலோ நாலிலோ காலைப் பொத்தென்று போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். ஏழு வந்தால்தானே ஏழரை வரும்? கொஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள், பாச்சா பலிக்கவில்லை. டாக்டர் கைப்பேசியில் மொழிபெயர்க்கும் வசதியைத் திறந்து, என்ன சிரமம் என்று கேட்டார். மதாம் அதில் நெடுநேரம் பேசினார். கைப்பேசி ஒரு வரியில் தமிழாக்கியது: "இன்னும் எத்தனை பாக்கி இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை."

அக்காவுக்குச் சுருக்கென்றது. வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அது எப்போது முடியும் என்று தெரியாமல் யாரால் பொறுக்க முடியும்? பதினெட்டு வருடம் எண்ணியவளுக்கு இது தோன்றவில்லையே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

கைப்பேசி இன்னொன்றும் சொன்னது. மதாமின் மகளுக்கு மாதக் கடைசியில் தலைப்பிரசவம். பக்கத்தில் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். டாக்டர் யோசித்துவிட்டு அக்காவைத் தனியே அழைத்தார்.

"அக்கா, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள அவங்க வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு, யாரும் தொடாம, நடை பழகுற அந்தக் கம்பியிலேர்ந்து வாசல் கதவு வரைக்கும் நடக்கணும். நடந்தா விமானத்துல போகலாம்னு கடுதாசி எழுதித் தர்றேன். இல்லேன்னா இன்னும் ஆறு வாரம் இங்கதான்."

"கைப்பேசியையே எண்ணச் சொல்லலாமே டாக்டர்?"

"சொல்லிப் பார்த்தேன். தள்ளி விட்டுட்டாங்க."

பின்னே? கைப்பேசி எண்ணும், காலைப் பார்க்காது.

அன்று சாயங்காலமே அக்கா பிரெஞ்சுப் படிக்க உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்று சொல்வது மரியாதைக்கு. அடுப்படியில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டு, கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்து, அதில் ஒரு பெண் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னாள். ஒன்றே தகராறு செய்தது. "அன்" என்கிறாள் அந்தப் பெண், ஆனால் அந்த "ன்" வாய்க்கு வருவதற்கு முன்பே மூக்கில் ஏறி ஒளிந்துகொள்கிறது. இரண்டு "தூ"வும் இல்லை, "தே"வும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் உதட்டைக் குவித்து என்னவோ ஒன்று. "த்ருவா" எளிது. "காத்ர்" தொண்டையில் சிக்கியது. சேங்க், சீஸ் என்று ஒருவழியாகத் தள்ளிக்கொண்டு போய் ஏழைப் பிடித்தாள். "செத்" என்றது கைப்பேசி. நம் வாய்தான் எந்த வார்த்தையையும் அந்தரத்தில் தொங்க விடாதே, கடைசியில் ஒரு "உ" போட்டு இறக்கி வைக்காவிட்டால் அதற்குத் தூக்கம் வராதே!

"சீஸு... செத்து... சீஸு... செத்து..."

வீட்டு முன்னறையிலிருந்து மாமியார் ஓடி வந்தாள். "யாருடி செத்தது? எனக்கு எதுவும் சொல்லாம நீ பாட்டுக்கு நறுக்கிக்கிட்டு இருக்கே?"

"யாரும் சாகலை அத்தை. ஏழுக்கு அவங்க பாஷையில அதான் பேரு."

"நல்ல பேரு. வெளங்கிடும்."

மாமியாருக்கும் அவளுக்கும் பெரிதாகச் சண்டையும் கிடையாது, ஒட்டும் கிடையாது. ஒரே அடுப்பில் இருபது வருடம் சமைத்தும், உப்பு எவ்வளவு என்பதில் இன்னும் உடன்பாடு வரவில்லை. அன்றைக்கு மாமியார் போகாமல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டாள். கைப்பேசிப் பெண் மறுபடி ஆரம்பித்தாள். இரண்டு வந்ததும் மாமியார் பல்செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, உதட்டைக் குவித்து, "தெ" என்றாள். அச்சு அசலாக அதே சத்தம்.

"அத்தை! எப்படி அத்தை?"

"பல்லை வச்சுக்கிட்டு இதைச் சொன்னா எப்படி வரும்? காத்து போக எடம் வேண்டாமா?"

அதிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் பாடம். மாமியாருக்குக் காது பாம்புக் காது. அக்கா தப்பாகச் சொன்னால் கரண்டியால் மேடையில் ஒரு தட்டு. "அன்னுக்கு மூக்கை அடை. சளி பிடிச்சவ மாதிரி சொல்லு." எட்டுக்கு "உயித்", விசில் அடிக்க வாயெடுத்துவிட்டு மனம் மாறியது போல. ஒன்பது "நெஃப்". பத்து "தீஸ்". நாலு நாளில் பத்து வந்துவிட்டது. பத்துக்கு அடுத்து அவள் கற்றுக்கொண்டது பதினொன்று இல்லை. பதினெட்டு வருடத்தில் அவளுக்குப் பதினொன்று தேவைப்பட்டதே இல்லையே. அவள் தேடிப் பிடித்தது "அரை". அதற்கு "எ தெமி" என்று பின்னால் ஒட்ட வேண்டுமாம். செத் எ தெமி, ஏழரை! அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷத்தில் குழம்புக்கு உப்பே போடவில்லை. மாமியாரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள்.

மறுநாள் கூடத்தில் மதாமின் முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அன்."

சுவரைப் பார்த்திருந்த முகம் திரும்பியது.

"தெ. த்ருவா."

மதாம் கண்ணை அகல விரித்தார். கால் மேலேறியது. நாலு, ஐந்து, ஆறு. அக்காவுக்கு உற்சாகம் தலைக்கேறியது, உற்சாகத்தில் பழைய வாய் முந்திக்கொண்டது. "செத்து!" என்று கூடமே அதிரக் கூவினாள்.

இந்தத் தடவை மறு தோளும் இறுகி வந்து கப்பிக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த தையல்காரர் அதை அப்படியே விட்டுவிட்டார். "ஐயையோ, யாரும்மா? அந்த மூணாம் படுக்கைப் பெரியவரா?" மூணாம் படுக்கைப் பெரியவர் போர்வையை விலக்கி, "யோவ், நான் இருக்கேன்யா" என்றார். செவிலியர் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். அக்கா விளக்கி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மதாமுக்கு என்ன நடந்தது என்று டாக்டரின் கைப்பேசி சொன்னதும், அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வந்த நாளிலிருந்து முதல் சிரிப்பு. சிரித்து முடித்து, கையைக் காற்றில் வெட்டி, "செத்!" என்று காட்டினார். கதவை அறைந்து சாத்துவது போல, பின்னால் ஒன்றும் இழுபடக் கூடாது. பிறகு தானாகவே காலைத் தூக்கினார். அக்கா "செத் எ தெமி" என்றாள். மதாம் ஒரு கணம் திகைத்தார். அரைக்கணக்கின் திருட்டுத்தனம் புரிந்ததும் விரலை ஆட்டி எச்சரித்துவிட்டு, எட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு மதாம் ஒரு நாளும் பத்துக்கு முன்னால் காலைக் கீழே போடவில்லை. படுக்கையில் பத்து, கம்பிக்கு நடுவே பத்து அடி, வாக்கரோடு பத்து அடி. தீஸ் என்றதும் நாற்காலி. எல்லோரும் கூப்பிடுவதைக் கேட்டு அவரும் அக்காவை "எஸரே" என்று கூப்பிட ஆரம்பித்தார். "ழ" அவருக்கு வரவில்லை. யாருக்கு எது வரவில்லை என்பதில் இருவரும் சரிக்குச் சரி.

வெள்ளிக்கிழமை வந்தது. கம்பியிலிருந்து கதவுக்கு மதாமின் அடியில் பதினேழு என்று அக்கா முந்தின நாளே அளந்துவைத்திருந்தாள். பத்து வரை எண்ணுவது, பிறகு மறுபடி ஒன்றிலிருந்து ஏழு வரை. கணக்கு சரியாகத்தான் இருந்தது. டாக்டர் கதவோரம் காகிதத்தோடு நின்றார். தையல்காரர் கயிற்றை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்.

"அன்" என்று தொடங்கி "நெஃப்" வரை ஒரு குறையும் இல்லை. "தீஸ்" என்றாள். மதாம் பத்தாவது அடியை வைத்தார். நிம்மதியாக மூச்சு விட்டார். பிறகு, இத்தனை நாளாக அக்கா பழக்கிவைத்தபடியே, உட்காருவதற்காக முழங்காலை மடக்கினார்.

பின்னால் நாற்காலி இல்லை.

தாங்கிப் பிடிக்க அக்காவின் கை முன்னால் போனது. தொட்டால் கடுதாசி போச்சு. "அன்!" என்று கத்தினாள். மதாம் பாதி மடங்கிய காலோடு நிமிர்ந்து பார்த்தார், தலையை ஆட்டினார். பத்து முடிந்துவிட்டதே, நீதானே சொன்னாய் என்ற பார்வை. கோபம்கூட இல்லை, அதுதான் அக்காவைக் கொன்றது. அடுத்த எண் என்ன? தெரியாது. தெரிந்தாலும் அவள் வாயால் யாருக்கும் பத்துக்கு மேல் சொன்னதில்லை. கதவு ஏழடியில் இருந்தது, பிறக்கப்போகும் அந்தக் குழந்தை எங்கோ ஒரு கடல் தாண்டி இருந்தது.

"தீஸ் எ தெமி" என்றாள் அக்கா.

பத்தரை.

மதாம் முறைத்தார். உதட்டோரம் துடித்தது. சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்போடு ஒரு கால் முன்னால் வந்தது.

"தீஸ் எ தெமி" என்றாள் மறுபடி. அதே பத்தரை. இன்னொரு கால். "தீஸ் எ தெமி!" இப்போது மதாமும் சேர்ந்து சொன்னார். தையல்காரருக்கு அர்த்தம் தெரியாது, இருந்தாலும் அவரும் சொன்னார். மூணாம் படுக்கைப் பெரியவரும் சொன்னார். பதினொன்று என்று ஒருவரும் சொல்லாமல், ஏழு பத்தரைகளில் மதாம் போய்க் கதவைத் தொட்டார். டாக்டர் காகிதத்தைச் சுவரில் வைத்து அங்கேயே கையெழுத்துப் போட்டார். அக்கா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், ஓடிக்கொண்டே அழுதாள். வெட்கமெல்லாம் படவில்லை.

மாதம் முடிந்து இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் அடுப்படியில் இருக்கும்போது கைப்பேசியில் ஒரு குரல் செய்தி வந்தது. மாமியார் பல்செட்டைக் கழற்றிவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "எஸரே" என்று ஆரம்பித்தது குரல். பிறகு பேச்சில்லை. தரையில் ஊன்றுகோல் தட்டும் சத்தம், ஒரு காலடி. "அன்." தட்டல், காலடி. "தெ." ஒவ்வொன்றாக, நிதானமாக, பத்து வரை. அங்கே நிற்கவில்லை. பாடம் நடத்துகிறவரைப் போல நிறுத்தி நிறுத்திச் சொன்னது குரல். "ஓன்ஸ்... தூஸ்... த்ரேஸ்..." அக்காவின் விரல்கள் தாமாகவே மடங்கின. "காத்தோர்ஸ்... கேன்ஸ்... சேஸ்..." தட்டல், காலடி.

"தீ-செத்."

பதினேழு. ஊன்றுகோல் நின்றது. எங்கோ மிக அருகில், பிறந்து சில நாளே ஆன ஒரு குழந்தை வீல் என்று கத்தியது.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மாமியார் அவளையும் கைப்பேசியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கடைசிலயும் செத்துன்னுதான் முடிக்கிறா, பொறந்த சத்தம்ல கேக்குது" என்றாள். "இன்னொரு தடவை போடு, அந்தப் பதினொண்ணைக் கத்துக்குவோம்."