பல்லில் தொங்கிய பறி

கலைவாணி முதல் நாள் வந்தபோது கஸ்தூரியம்மாள் அவளிடம் தையலைத்தான் சொன்னார்.

"பொம்பளப் பசங்க எல்லாம் தையல்லதான் சேந்துகீறாங்க. நீயும் அங்க போயேன்மா."

"எங்க ஊர்ல தையல் மிஷினே இல்லம்மா. சுவிச்சுப் பெட்டி வீட்டுக்கு வீடு கீது. அத தொடத்தான் ஆளில்ல."

பழவேற்காட்டில், பழைய ஐஸ் கம்பெனிக் கட்டடத்தில் எங்கள் பயிற்சி மையம் நடக்கிறது. கஸ்தூரியம்மாள்தான் பொறுப்பாளர். ஏரிக்கரைப் பிள்ளைகளும், கும்மிடிப்பூண்டிப் பக்கத்து இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி வருகிற பிள்ளைகளும் படிக்கிறார்கள். நான் ஸ்டோரில் இருக்கிறேன். டெஸ்டரையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக் கொடுப்பேன், சாயங்காலம் திரும்ப வாங்கி வைப்பேன். வாயைத் திறக்காமலே ஒரு நாளை ஓட்டிவிடக்கூடிய வேலை.

கலைவாணிக்குக் கோட்டைக்குப்பத்தைத் தாண்டி ஏரியோரமாக இருக்கிற இருளர் குடியிருப்பு. அங்கே கட்டிக் கொடுத்த வீடுகளில் ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு பாதி விளக்குகள் எரியவில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், நாளைக்கு வருகிறேன் என்பார்களாம். "அவுங்க சொல்ற நாளைக்கு எந்தக் காலண்டர்லயும் இல்லம்மா" என்றாள். கஸ்தூரியம்மாள் சிரித்துவிட்டார். வயரிங் வகுப்பில் இடம் கிடைத்தது.

அதுவரை அவள் அம்மா எல்லம்மாவோடு ஏரியில் இறால் தடவிக்கொண்டிருந்தவள். அவர்களிடம் வலை கிடையாது, படகு கிடையாது. கழுத்தளவு தண்ணீரில் குந்தி, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறாலைப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த சின்னக் கூடை ஒன்று உண்டு, பறி என்று பெயர். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள். எல்லாப் பேச்சும் கண்ணாலும் மூக்காலும்தான். புடவை கட்டத் தெரியாத வயதிலிருந்தே அப்படிக் கவ்வியதில் கலைவாணியின் முன்பல்லில் கயிறு அறுத்த ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருந்தது. சிரித்தால் தெரியும்.

வகுப்பில் அவளைச் சீண்டுவதற்கென்றே அஜ்மல் இருந்தான். டவுனில் துணிக்கடை வைத்திருக்கிறவர் மகன்.

"இன்னா கலை, அந்தப் பொட்டிக்குள்ள எவ்ளோ இறால் மாட்டுச்சு?"

"ஒண்ணுதான் மாட்டுச்சு. உன்ன மாதிரியே கத்திக்கினு இருந்துச்சு. வெயிட்டு இல்லனு திரும்ப வுட்டுட்டேன்."

முகாமிலிருந்து வருகிற நிரோஷன் இதற்கெல்லாம் சத்தமில்லாமல் சிரிப்பான். முகாமிலேயே பிறந்தவன். எங்களைப் போலவே பேசுவான். எண்ணூர்ப் பையன் என்றே அஜ்மல் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தான்.

கலைவாணி வயரைப் பல்லில் பிடித்துக்கொண்டு வேலை செய்வாள். ஒரு கையில் சுவிட்சு, ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவர் என்றால் மீதி வயர் தானாக வாய்க்குப் போய், பல்லில் இருக்கிற பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். கரண்ட் இல்லாத பலகையில் பழகுகிற வேலைதான். பயிற்சியாளர் தேவதாஸ் சாரும் ஏரிக்கரையில் பிறந்தவர். பிறந்ததிலிருந்து ஊரில் பார்க்கிற காட்சி என்பதால் அது அவர் கண்ணை உறுத்தவில்லை. முகாம் பிள்ளைகள் அதை இந்த ஊர் வழக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். பார்த்தால் வழக்கமேதான்.

அன்றைக்குக் காலையிலிருந்து கரண்ட் இல்லை. வகுப்பறையில் ஃபேன் சுவிட்சு கருகிக் கிடந்தது. "மெயின ஆஃப் பண்ணிட்டு அத மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டு, போன் வந்ததால் தேவதாஸ் சார் வெளியே போனார். கரண்டே இல்லாதபோது மெயினை எதற்கு அணைப்பது என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. யாரும் போய் அணைக்கவும் இல்லை. கலைவாணி மர ஸ்டூலில் ஏறினாள். இடது கையால் சுவரிலிருந்த இரும்புப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். வலது கை ஸ்க்ரூவைத் திருகியது. வயர் பல்லில் இருந்தது.

எதிரே டீக்கடையில் திடீரென்று மிக்ஸி ஓடியது.

கரண்ட் வந்துவிட்டது என்பது அந்தச் சத்தத்தில்தான் எனக்கு உறைத்தது. ஸ்டோர் ஜன்னல் வழியாக வகுப்பறையைத் திரும்பிப் பார்த்தேன். கலைவாணி கத்தவில்லை. மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். கண் இரண்டும் எதையோ பார்த்து விறைத்து நின்றன. அஜ்மல் சிரித்தான். தன்னைக் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்திருக்கிறான். அந்தச் சிரிப்பு பாதியில் அறுந்தது. அவளைப் பிடிக்கக் கையை நீட்டினான்.

"தொடாதை. ஒருத்தரும் தொடாதையுங்கோ. மெயினை நிப்பாட்டு."

நிரோஷன்தான். அந்தக் குரலை நாங்கள் அதுவரை கேட்டதே இல்லை. சொல்லிக்கொண்டே ஓடிவந்து ஸ்டூலை ஓங்கி உதைத்தான். கலைவாணி மூட்டை போல விழுந்தாள். வயர் பிய்ந்து சுவரில் ஆடியது. மெயின் சுவிட்சை யார் இழுத்தது என்று எனக்கு ஞாபகமில்லை.

கீழுதடு கருகியிருந்தது. முன்பல்லில் ஒரு சில்லு போயிருந்தது. தீய்ந்த வாசம் வந்தது, மயிர் பொசுங்குகிற மாதிரி. அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்க்கக்கூட எங்களுக்குத் தைரியம் வரவில்லை. நிரோஷன் குனிந்து காதை வைத்துப் பார்த்து, "மூச்சு இருக்கு" என்றான். ஆட்டோவில் தூக்கிப் போட்டுப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

சாயங்காலம்வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. உயிருக்கு ஒன்றுமில்லை என்று போன் வந்த பிறகுதான் அஜ்மல் வாயைத் திறந்தான்.

"நீ கத்தினியே, அது எந்த ஊர் பேச்சுடா?"

"எங்க வீட்டுப் பேச்சு" என்றான் நிரோஷன்.

உதட்டுப் புண் ஆறியதும் கலைவாணி எல்லம்மாவோடு வந்தாள். அவளைத் தையலுக்கு மாற்றிவிடுவதாகக் கஸ்தூரியம்மாள் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் மையத்தையே மூடிவிடுவார்கள், மற்ற பிள்ளைகள் கதி என்ன என்று கேட்டார்.

"தையல்னா ஊசி கீதேம்மா" என்றாள் எல்லம்மா. "அதயும் இவ வாயிலதான் வெப்பா. முழுங்கிட்டா இன்னா பண்ணுவீங்க?"

கடைசியில் தேவதாஸ் சார்தான் ஒரு வழி சொன்னார். அன்றைக்குப் போன் பேச வெளியே போனதிலிருந்து அவர் முகம் பழைய முகமாக இல்லை. கலைவாணி வயரிங்கிலேயே இருக்கட்டும். ஆனால் வயர் வாய்க்குப் போகக் கூடாது. செய்முறைத் தேர்வுவரைக்கும் பார்ப்போம், அந்தப் பழக்கம் நிற்காவிட்டால் தேர்வில் உட்கார வேண்டாம்.

அவள் சரி என்றாள். திரும்ப வந்த அன்றைக்கே வயர் வாய்க்குப் போனது. "கலை" என்று சார் கத்தினார். எல்லோருக்கும் தூக்கிவாரிப்போட்டது. எல்லோரையும்விட அவளுக்குத்தான் அதிகம். வயரை எடுத்துப் பார்த்தாள், வேறு யாரோ தன் வாயில் வைத்துவிட்டுப் போன மாதிரி.

"எனக்குத் தெரியாமயே போவுது சார்."

"மாஸ்க் போட்டுக்கோ" என்றான் அஜ்மல். கிண்டலாகச் சொல்லவில்லை, அவனே வாங்கி வந்திருந்தான். போட்டுக்கொண்டாள். வேலை பாதியில் இருக்கும்போது பார்த்தால், மாஸ்க்கோடு சேர்த்து வயரைக் கவ்விக்கொண்டு நிற்கிறாள். யாரும் சிரிக்கவில்லை. அவள் ஸ்டூலை விட்டு இறங்கி மூலையில் போய் உட்கார்ந்தாள். மின்சாரம் பாய்ந்த அன்றைக்கு அழாதவள் அன்று அழுதாள்.

மறுநாள் காலையில் பறியோடு வந்தாள்.

ஏரிக்குக் கொண்டு போகிற அதே பறி. சேற்று வாசம் அடித்தது. ஸ்டோர் ஜன்னலுக்கு வந்து, டெஸ்டரையும் ஸ்க்ரூக்களையும் டேப்பையும் அதற்குள் போடச் சொன்னாள். கயிற்றைப் பல்லில் கவ்வினாள். நேராக மெயின் சுவிட்சுக்குப் போய் அணைத்தாள். பிறகு பலகைக்கு வந்தாள்.

அன்று முழுவதும் வயர் வாய்க்குப் போகவில்லை. வாயில் இடமில்லை. மீதி வயரைப் பலகையில் ஆணி அடித்து மாட்டிக்கொள்ளத் தொடங்கினாள். தேவதாஸ் சார் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தேர்வு நாளில் வெளியூரிலிருந்து தேர்வாளர் ஒருவர் வந்தார். வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் கலைவாணி முன்னால் நின்றுவிட்டார்.

"என்னம்மா இது, மீன் பிடிக்கவா வந்திருக்கே?"

வாயில் பறி இருந்ததால் அவள் கண்ணால்தான் பார்த்தாள். பிறகு பறியை எடுத்தாள். "இது இல்லனா வாயில வயர் போய்டும் சார். ஒரு தடவ போச்சு." உதட்டைக் காட்டினாள்.

"கரண்ட் இருந்ததா?"

"அப்ப இல்ல சார். வாயில வெச்சப்புறம் வந்துச்சு."

தேர்வாளர் ஓர் அடி பின்னால் போனார். "வாயில எதையும் வச்சுக்கிட்டு வேலை செய்யக் கூடாதும்மா" என்றார். "அதைக் கீழ வச்சிட்டுச் செய்."

கலைவாணி பறியைக் கீழே வைத்தாள். மெயினை அணைத்துவிட்டு வந்தாள். சுவிட்சை எடுத்தாள், ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். ஒரு வயரை முடித்தாள். அடுத்த வயரை எடுத்தவள் அதை உதட்டருகே கொண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். நிரோஷன் எழுந்து நின்றுவிட்டான். கருகின தழும்புக்கு ஒரு விரல் தூரத்தில் வயர் நின்றது. அப்படியே நின்றது.

வயரை விட்டாள். எல்லாவற்றையும் மேஜையில் வைத்தாள்.

"முடியல சார். கை தானா போவுது. இப்ப நிறுத்திட்டேன், இன்னொரு நாள் யாரோ வூட்ல நிறுத்தாம போய்டும். பறியோட செய்ய வுடுங்க. இல்லாங்காட்டி ஃபெயிலே போட்டுடுங்க."

அறையில் ஃபேன் கூட ஓடவில்லை. மெயினை அவள்தானே அணைத்திருந்தாள். தேர்வாளர் அவளையும் பறியையும் மாறி மாறிப் பார்த்தார். தேவதாஸ் சார் பேச வாயெடுத்தார், தேர்வாளர் அவரைக் கையமர்த்தினார்.

"எடுத்துக்கோ."

அவள் கயிற்றைக் கவ்வினாள். வேலை முடியும்வரை தேர்வாளர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. முடிந்ததும் இணைப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். எதுவும் கழன்று வரவில்லை. மெயினைப் போடச் சொன்னார். போட யாரும் முன்னால் வரவில்லை. கலைவாணியே போய்ப் போட்டாள். பல்பு எரிந்தது. அவள் நாக்கால் முன்பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

தேறிவிட்டாள். இப்போது அவர்கள் குடியிருப்பில் எல்லா வீட்டு விளக்குகளையும் அவள்தான் பார்க்கிறாள். கோட்டைக்குப்பத்திலிருந்தும் கூப்பிடுகிறார்கள். ஸ்டோரில் பழைய டேப் மிஞ்சினால் கொடுக்க நான் போவதுண்டு. வீட்டுக்காரர்கள் ஏதாவது கேட்டுக்கொண்டே பின்னால் வருவார்கள். பறி வாயில் இருப்பதால் அவள் யாருக்கும் பதில் சொல்வதில்லை. மெயினை அணைக்கச் சொல்லி யாரிடமும் கேட்கவும் முடியாது. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் முதலில் தானே நடந்து போய் அதை அணைக்கிறாள்.