ராஜா, ஏஸ், ரெண்டு

இன்று காலை மாட்டுங்காவில் வண்டி ஏறியதும் பக்கத்தில் இருந்தவரின் போனை எட்டிப் பார்த்துவிட்டேன். கெட்ட பழக்கம்தான், லோக்கல் ரயிலில் பல வருஷம் போய்வந்தால் உங்களுக்கும் வந்துவிடும். ரம்மி ஆடிக்கொண்டிருந்தார். ராஜா, ஏஸ், ரெண்டு என்று அடுக்கினார். செல்லாது என்று போன் சிவப்பாக மின்னியது. மடியில் அவருடைய புதுத் தோல்பை. அந்த வாசனை வேறு சேர்ந்துகொண்டதும் செல்வம் நினைவுக்கு வந்துவிட்டான்.

செல்வம் தாராவிக்காரன். அவன் அப்பா தைத்த தோல்பைதான் எங்கள் சீட்டுமேசை. நான் மாட்டுங்காவில் ஏறி இடம் போட்டு வைப்பேன், அடுத்து சயானில் அவன் ஏறுவான். நாலு பேர் முழங்காலில் பையைக் கிடத்தி, தாணே வரும்வரை ஆட்டம். எங்கள் கோஷ்டியில் சீட்டு வட்டமாகச் சுற்றும்: ராஜாவுக்கு அப்புறம் ஏஸ், அதற்கப்புறம் ரெண்டு. யாராவது முனகினால், "சல்தா ஹை", செல்லும் போ, என்பார் ஜன்னலோர மராத்திக்காரர். அதோடு பேச்சு முடிந்தது.

தாணேயில் ஒரு சின்னக் கம்பெனியில் இரண்டு பேருக்கும் வேலை. போக்கர் ஆட்டத்துக்கு செல்வம் ஒரு புரோகிராம் எழுதினான். ஐந்து சீட்டைக் கொடுத்தால் அது ஜோடியா, வரிசையா, வெறும் உதிரியா என்று சொல்ல வேண்டும். லட்சக்கணக்கான ஐந்து சீட்டுக் கைகளும் அவற்றின் சரியான விடைகளும் அடங்கிய ஃபைல் ஒன்றைக் கொடுத்து, இதில் தேறினால்தான் வேலை நிரந்தரம் என்றார் மேனேஜர்.

"பெர்மனென்ட் ஆயிட்டா அப்பாவ பட்டறைக்கு அனுப்ப மாட்டேம்ல," என்றான் செல்வம். பசை நெடியில் அவருக்கு ஓயாத இருமல்.

மத்தியானம் முழுக்க ஓடவிட்டோம். அங்கங்கே இடித்தது. இடித்த இடத்தில் எல்லாம் ராணி, ராஜா, ஏஸ், ரெண்டு, மூணு. அவன் வரிசை என்றான், ஃபைல் உதிரி என்றது.

"ஏல, வரிசை சரியாத்தான இருக்கு? ஃபைலுதான் தப்பு."

"ஆமாடா, ஃபைல்தான் தப்பு," என்றேன் நானும். விதியைப் படித்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. தெரிந்த ஆட்டத்துக்கு யாராவது விதி படிப்பார்களா?

ஃபைலில் பிழை இருக்கிறது என்று மேனேஜருக்கு நெஞ்சை நிமிர்த்தி மெயில் போட்டான். ஏஸுக்கு மேலே போக்கரில் வரிசை தாவாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. மாதக் கடைசியில் அவன் வேலை போயிற்று.

அப்பாவை நிறுத்த முடியவில்லை. அவனும் அவரோடு பட்டறையில் உட்கார்ந்தான். நடந்து போகும் தூரம், வண்டி எதற்கு? தொற்றுக் காலத்தில் முதலில் அப்பா போனார், அதே வாரம் அவனும். முகம் பார்க்கக்கூட விடவில்லை. அது இன்னும் ஆறவில்லை எனக்கு.

ஜன்னலோரக்காரர் ரிடையர் ஆகி ஊருக்குப் போய்விட்டார். கோஷ்டி கலைந்துவிட்டது. பெட்டியில் இப்போது சீட்டுக்கட்டே கிடையாது. ராஜா, ஏஸ், ரெண்டு செல்லும் என்று சொல்ல ஒருவரும் மிச்சமில்லை.

சயான் வந்தது. என்னையறியாமல் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன். யாரோ வந்து உட்கார்ந்து போனை எடுத்தார்.