மூன்றாம் மாடியில் எந்தக் கதவு

ரெஜினாவுக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை. வேலை பார்க்கும் கேளம்பாக்கம் ஃபிளாட்டில் துடைத்த படியையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தாள். செங்கல்பட்டில், புதுப்பித்த குடியிருப்பில், அவள் புருஷன் தாவீது முதல் நாளாகத் தனியாக இருந்தான்.

சர்க்கரை வியாதியில் அவனுக்குக் கண் போய் நாலு வருஷம். இருந்தும் ஒருத்தர் கையைப் பிடிக்க மாட்டான், அவ்வளவு வீம்பு. தினமும் டீக்கடைக்குப் போவான், ஊர்வம்பு பேசுவான், தானே வீடு திரும்புவான். இரண்டாம் மாடி தாண்டியதும் ஒரு படி உடைந்திருக்கும். அதிலிருந்து பன்னிரண்டு படி ஏறிச் சுவரைத் தடவிக்கொண்டே போனால், கதவு நிலையில் குருத்தோலைச் சிலுவை. குருத்து ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துக் கொண்டுவந்து ஆணியடித்தது. அந்த வரிசையில் இவர்கள் வீட்டில் மட்டும்தான் உண்டு.

மூன்று மாதம் எல்லோரையும் வாடகை அறைகளுக்கு அனுப்பிவிட்டுக் கட்டடத்தைப் புதுசாக்கினார்கள். குறை சொன்னால் வாய் வெந்துபோகும். ஒழுகல் நின்றது, டைல்ஸ் வந்தது, உடைந்த படியும் சரியானது. கதவெல்லாம் ஒரே பச்சை. அதிகாரிகள் பார்த்துவிட்டுப் போகிறவரை ஆணியோ கீறலோ கூடாது, மீறினால் வீடு உங்களுக்கென்று தரும் காகிதம் வராது என்று மேஸ்திரி ரஞ்சித்குமார் கறாராகச் சொல்லிவிட்டான். பயந்துபோன ரெஜினா சிலுவையைக் கழற்றி பைபிளுக்குள் வைத்துவிட்டாள்.

நான் வரும்வரை வெளியே போகாதே என்று காலையில் கெஞ்சியிருந்தாள். பதினோரு மணியிலிருந்து அவன் போனை எடுக்கவில்லை. பஸ்ஸில் வரும்போதும் அடித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மூன்றாம் மாடிக்குக் கீழே, படியிலேயே தாவீது உட்கார்ந்திருந்தான். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"இங்க இன்னாய்யா குந்திகினு கீறே?"

டீ குடித்துவிட்டு வந்தவன், கணக்குத் தப்பி அதே வரிசையிலிருக்கும் விஜயகுமாரி வீட்டுக்குள் போய்விட்டானாம். அவள் அலறியிருக்கிறாள். பிறகு பாவப்பட்டு, வீட்டில் கொண்டுபோய் விடட்டுமா என்றும் கேட்டிருக்கிறாள். வேண்டாம், ஒருத்தருக்காகக் காத்திருக்கிறேன் என்று இவன் பொய் சொல்லியிருக்கிறான். சாப்பிடக்கூட இல்லை.

"பதினஞ்சு வருசமா இருக்கற வூட்டுக்கு நானே வழி கேக்கணுமா, ரெஜினா?"

அவள் உள்ளே ஓடி பைபிளைத் திறந்தாள். எடுக்கும்போதே ஓலை பொடிப்பொடியாக உதிர்ந்தது. பிறகு ஸ்க்ரூடிரைவரைத் தேடியெடுத்து, கதவோரம் புதுப் பூச்சில் குத்திக் குத்திச் சிலுவை வெட்டினாள்.

சத்தம் கேட்டு ரஞ்சித்குமார் ஓடி வந்தான். "அக்கா, பேப்பர் நின்னுடும்."

"நிக்கட்டும்."

படியேறி வந்த தாவீதின் விரலைப் பிடித்து அந்தக் குழியில் வைத்தாள். அவன் மேலும் கீழும் தடவிப் பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் ஆழமா போடு," என்றான்.