பிழை விடாத கார்

இப்போதும் வேறு யாராவது கார் ஓட்ட, நான் பக்கத்தில் இருந்தால் என் வலது கால் சும்மா இருக்காது. தரையை மிதித்துக்கொண்டே இருக்கும். அங்கே பிரேக் இல்லை என்று எனக்குத் தெரியும். காலுக்குத் தெரியாது. பயம் என் உள்ளங்காலில் வந்து குடியேறிவிட்டது, வாடகையும் தராமல்.

எங்களிடம் இருப்பது ஜப்பான் கார். கம்பனியின் பெயரைச் சொல்லமாட்டேன். சொல்லாவிட்டாலும் லண்டன் தமிழரில் பாதிப் பேர் கண்டுபிடித்துவிடுவார்கள். விம்பிள்டன் பிள்ளையார் கோயிலடியில் ஒரு வெள்ளிக்கிழமை நின்று பாருங்கள், சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் நசுங்குவதெல்லாம் பெரும்பாலும் அந்தக் காருக்குத்தான். என் கணவர் முன்பு மினிகாப், அதுதான் வாடகைக் கார், ஓடியவர். அவருடைய பழைய கார் அந்தக் கம்பனியின் பிள்ளை. எத்தனையோ வருடம் இரவு பகலாக ஓடியும் அது ஒருநாளும் நடுத்தெருவில் நின்று அவரை அவமானப்படுத்தியதில்லை. அதற்குப் பிறகு அவருக்குக் கார் என்றால் அந்தக் கார்தான், மற்றதெல்லாம் தகரம்.

கம்பனியின் சரித்திரத்தை அவர் சொல்லத் தொடங்கினால் கேட்பவரின் தேத்தண்ணீர் ஆறிப்போகும். அவர்கள் முதலில் செய்தது கார் இல்லை, நெசவுத் தறி. ஒரு நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும் தறி. அப்படி நின்றால்தானே பிழையான துணி நீளமாக நெய்துபோகாது. பிறகு அந்தத் தறி செய்தவரின் மகன் காலத்தில் கார். அமெரிக்காவுக்கு அனுப்பிய முதல் கார்கள் அந்த நாட்டுப் பெருந்தெருக்களில் மூச்சு வாங்கினவாம், ஆட்கள் சிரித்தார்களாம். அவர்கள் வெட்கப்பட்டு ஒளியவில்லை, திரும்பிப் போய்த் திருத்திக்கொண்டு வந்தார்கள். இதைச் சொல்லும்போது அவர் நெஞ்சு சற்று நிமிரும், தானும் அங்கே நின்று ஒரு ஆணி முறுக்கியதுபோல. கல்யாண நாளை மறப்பார், தறியில் நூல் அறுந்ததை மறக்கமாட்டார்.

அவ்வளவு பக்தி உள்ளவர் காரை எப்படி வைத்திருப்பார் என்று கேட்க வேண்டுமா? எங்கள் வீட்டில் ரிமோட் பொலித்தீன் உறைக்குள் இருக்கும், சோபாவுக்கு மேலே விரிப்பு, விரிப்புக்கு மேலே விருந்தாளி வந்தால் எடுப்பதற்கென்று இன்னொரு விரிப்பு. இதில் நானும் அவருக்குச் சளைத்தவள் இல்லை. காருக்கும் அதே நியாயம்தான். கம்பனி தந்த கால்மிதி நல்ல கறுப்புக் கம்பளம், நகராதபடி இரண்டு கொக்கியில் மாட்டியிருந்தது. அது அழுக்காகக் கூடாது என்று அதற்கு மேலே அவர் ஒரு தடித்த ரப்பர் கால்மிதி வாங்கிப் போட்டார். வேறொரு காருக்குச் செய்தது, சற்றுப் பெரிது. "பெரிசாயிருந்தால் நல்லா மூடும்" என்றார். நானும் தலையாட்டினேன்.

மகளைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது என் வேலை. அன்றும் அப்பர் நோர்வுட் மேட்டிலிருந்து நோர்பரிப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தோம். அவளுக்கு அப்போது பதினாறு. முன் இருக்கையில் இருந்து போனைத் தடவிக்கொண்டிருந்தாள். எங்களுக்கு முன்னால் போன ஒரு பஸ், தரிப்பிடத்தில் நின்றது. எதிரே ஒருவரும் வரவில்லை, அதைக் கடந்துவிடலாம் என்று அக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தி மிதித்தேன். கடந்தேன். காலை எடுத்தேன்.

கார் வேகம் குறையவில்லை.

முதலில் எனக்கு விளங்கவே இல்லை. இறக்கம் என்பதால் ஓடுகிறது என்று நினைத்தேன். பிறகு எஞ்சின் கத்தத் தொடங்கியது. நான் காலை எடுத்த பிறகும் யாரோ எனக்காக மிதிப்பதுபோல் கார் இன்னும் இன்னும் என்று பாய்ந்தது. பிரேக்கை மிதித்தேன். கார் திமிறியது. இரண்டு காலையும் பிரேக்கில் வைத்து இருக்கையிலிருந்து எழும்பும் அளவுக்கு மிதித்தேன். வேகம் கொஞ்சம் விழுந்தது, ஆனால் நிற்கவில்லை. எரிந்த மணம் வந்தது.

"அம்மா, வட் ஆர் யூ டூயிங்? ஸ்லோ டவுன்!"

கீழே வரிக்கடவை, ஆட்கள் தெருவைக் கடக்கும் இடம். அதில் ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண், சில்லுப் பையை இழுத்துக்கொண்டு கால் வைத்துவிட்டார். எனக்குக் கடவுள் நினைவு வரவில்லை. பிள்ளையின் நினைவு மட்டும் வந்தது, அவள் என் இடப்பக்கம் இருக்கிறாள், இடப்பக்கம் மதிலில் இடித்தால் அவள் போய்விடுவாள் என்று. அந்த நேரத்தில் என் கை என்னைக் கேட்காமல் கியரைப் பிடித்து N-க்கு, நியூட்ரலுக்குத் தள்ளியது. எஞ்சின் பேய்போல் அலறியது, ஆனால் சில்லுகள் அதன் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டன. பிரேக் பிடித்தது. கடவைக்கு முன்னால் குலுங்கி நின்றது. எஞ்சினை நிறுத்தினேன். அந்தப் பெண் நான் மரியாதைக்கு நின்றேன் என்று நினைத்து, கையை உயர்த்தி நன்றி சொல்லிக்கொண்டு போனார்.

கதவைத் திறந்து இறங்க முயன்றேன். முழங்கால் வேலை செய்யவில்லை. இரண்டு காலையும் கையால் இழுத்து வெளியே வைத்தேன்.

மகள் போன் எடுக்க, வீடு கிட்ட என்பதால் கணவர் ஓடியே வந்தார். ஏறினார், இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினார், ஓட்டினார். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து நிறுத்தினார்.

"வடிவா ஓடுது. ஒண்டுமில்லை."

"நான் காலை எடுத்தாப் பிறகும் ஓடினது."

"நீர் பதட்டத்தில பிரேக் எண்டு நினைச்சு மற்றதை மிதிச்சிருப்பீர். ஆருக்கும் நடக்கிறதுதான்."

"இல்லை. நான் காலை எடுத்திட்டன்."

"இந்தக் கார் அப்பிடிச் செய்யாதப்பா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சூரியன் கிழக்கில்தான் உதிக்கும் என்பதுபோல் சொன்னார்.

இருந்தாலும் கராஜுக்குக் கொண்டுபோனார். அதற்கு முன்னால் ரப்பர் கால்மிதிகளைக் கழற்றி, துடைத்து, சுருட்டி வீட்டுக்குள் வைத்தார். கராஜில் சப்பாத்தோடு ஏறி ஒயில் பூசிவிடுவார்களாம். அங்கே வேலை செய்தவர் எங்கள் ஊர்க்காரர். காரோடு கம்பியூட்டரைப் பூட்டிப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார்.

"ஒண்டும் காட்டேல்லை அக்கா. இந்தக் கம்பனிக் கார் பிழை விடாது."

வீட்டுக்கு வந்ததும் கால்மிதிகள் பழைய இடத்துக்குப் போயின.

செய்தி பரவியது. ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து மச்சாள் போன் எடுத்து, அன்பொழுகக் கேட்டாள்: "எங்களுக்கும் வயது போகுதெல்லே மச்சாள். கண்ணை ஒருக்காக் காட்டுங்கோவன்." எனக்கு வந்த ஆத்திரத்தில் போனையே பொலித்தீன் உறையோடு எறிந்திருப்பேன். எந்தப் பெடலை மிதித்தேன், என்ன செருப்புப் போட்டிருந்தேன், இரவு நித்திரை கொண்டேனா, பிரஷர் இருக்கிறதா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள்.

கடைசியில் நானும் என் காலைப் பார்க்கத் தொடங்கினேன். அதுதான் பெரிய பயம். காருக்குப் பயந்தால் காரில் ஏறாமல் இருக்கலாம், என் காலுக்குப் பயந்தால் எங்கே போவது? சோறு வடிக்கும்போது மனதுக்குள் திடீரென்று 'பிரேக்' என்று சொல்லுவேன், கால் எந்தப் பக்கம் அசைகிறது என்று குனிந்து பார்ப்பேன். சில வேளை சரியாக அசையும். சில வேளை அசையாமல் நிற்கும், மறுபடியும் சொல்லிப் பார்ப்பேன்.

ஓட்டுவதை விட்டேன். பல் வைத்தியரிடம் வரவேற்பில் எனக்கு வேலை, பஸ்சும் ட்ராமுமாகப் போய்வந்தேன். மழையில் நனைந்ததெல்லாம் ஒரு கவலையில்லை. ஒருநாள் கணவருக்கு ஷிப்ட் மாறியது, மகளிடம் "நான் கொண்டுபோய் விடுறன்" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்க்காமல், "இட்ஸ் ஓகே அம்மா, ஐ வில் வெயிட் ஃபோர் அப்பா" என்றாள். அது குத்தியது. அவளைக் குறை சொல்லவும் ஏலாது, அலறியவள் அவள்தானே.

பதினேழாவது பிறந்தநாள் வந்தது. தகப்பனும் மகளும் சிவப்பு L ஒட்டிகளை வாங்கிக்கொண்டு வந்தார்கள். பழக்கப்போவது அவர். பழகப்போவது அந்தக் காரில்.

அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. பிழை என் காலில் என்றால் பிள்ளைக்கு ஒன்றும் நடக்காது. பிழை காரில் என்றால்? ஒருவரும் நம்பாத ஒன்றை நான் மட்டும் அறிந்திருந்து, வாயை மூடிக்கொண்டு வாசலில் நின்று கையசைத்து அனுப்பினேன் என்றாகும். நான் பைத்தியக்காரியாக இருக்கவேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்ட நாட்கள் அவை.

முதல் ஓட்டம் ஞாயிறு என்று முடிவானது. அதற்கு முதல்நாள் மதியம் ஒரு உறவினர் கார் வாங்க யோசனை கேட்டு வந்தார். கணவர் தறியிலிருந்து தொடங்கினார். நான் வடைத் தட்டோடு வந்தபோது கதை தொழிற்சாலைக்குள் நுழைந்திருந்தது. அங்கே வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும், ஏதோ சரியில்லை என்று பட்டால் ஒரு கயிற்றை இழுக்கலாமாம், முழு வேலையும் நின்றுவிடுமாம்.

"கயித்தை இழுத்தவனை அங்கை ஒருத்தரும் ஏசமாட்டாங்கள்" என்றார் கணவர். "கதிரையில இருந்து கதைக்கவும் மாட்டாங்கள். எழும்பிப் போய், அந்த இடத்திலயே நிண்டு பாப்பாங்கள்."

எத்தனையோ தரம் கேட்ட கதைதான். ஆனால் அன்று தட்டோடு அப்படியே நின்றேன். நான் கயிற்றை இழுத்தேனே! இழுத்தவளைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அந்த இடத்தில் போய் நின்று பார்த்தவர் யார்? நானும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அவர்கள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க, நான் ஆணியில் தொங்கிய கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். அந்த இருக்கையில் ஏறினேன். எஞ்சினைத் தொடவில்லை. நான் குள்ளம், இருக்கையை அன்றுபோல் முன்னுக்கு இழுத்தேன். அக்சிலேட்டரை மிதித்து விட்டேன், எழும்பியது. மறுபடி மிதித்தேன், எழும்பியது. பைத்தியம்தான் போல என்று அரைவாசி நிம்மதியும் அரைவாசி வெட்கமுமாக இருந்தது. பஸ்சைக் கடக்கும்போது எப்படி மிதித்தேன் என்று நினைத்து, குதிக்காலை ஊன்றி, உடம்பைக் கொடுத்து அழுத்தினேன். குதிக்காலுக்குக் கீழே ரப்பர் மெல்ல முன்னுக்கு வழுக்கியது. காலை எடுத்தேன்.

பெடல் கீழேயே கிடந்தது.

ரப்பரின் தடித்த விளிம்பு அதன் தலையில் ஏறிப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது எழும்பவில்லை. சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன், வந்தது அன்றைய பயம் முழுவதும். வரிக்கடவையும் சில்லுப் பையும் மதிலும் திரும்பி வந்தன. அன்று இரண்டு காலையும் கையால் இழுத்து இறங்கினேனே, அப்போது காலோடு ரப்பரும் பின்னுக்கு வந்திருக்கிறது. கணவர் நெடுவல், அவர் இருக்கை பின்னால், அவர் குதிக்கால் அந்த இடத்தில் ஊன்றுவதே இல்லை.

மெல்ல இறங்கி, எதையும் தொடாமல் நின்றேன். அவர்கள் வந்தார்கள். மகள் வெள்ளைச் சப்பாத்துப் போட்டிருந்தாள்.

"என்ன, நீரோ ஓடப்போறீர்?" என்றார் கணவர்.

"இஞ்ச வந்து பாருங்கோ. என்ர காலைப் பாக்கவேண்டாம். இந்த இடத்தைப் பாருங்கோ."

ஈர நிலத்தில் முழங்காலை ஊன்றிக் குனிந்து பார்த்தார். ரப்பரை இழுத்தார், பெடல் டக்கென்று எழும்பியது. ரப்பரை முன்னுக்குத் தள்ளி, கையால் பெடலை அழுத்தி விட்டார். கீழேயே நின்றது. மறுபடியும் செய்தார். மறுபடியும் நின்றது.

"அப்ப காரில பிழையில்லை" என்றார்.

சிரிப்பதா, அந்த ரப்பராலேயே அவர் முதுகில் போடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் எழும்பவில்லை. முன்னுக்கு இழுத்திருந்த இருக்கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு L ஒட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற மகளைப் பார்த்தார், மகள் என் உயரம்தான். அவர் முகத்தில் இரத்தம் இல்லாமல் போனது. பயம் ஒரு ஆளிலிருந்து இன்னொரு ஆளுக்கு ஏறுவதை நான் கண்ணால் கண்டது அன்றுதான்.

ரப்பரை இழுத்து வெளியே எறிந்துவிட்டு, அந்த ஈரத்திலேயே இருந்துவிட்டார்.

"அண்டைக்கு நீர் எப்பிடியப்பா நிப்பாட்டினனீர்?" என்று கேட்டார்.

கார் எப்படி ஓடியது என்று எத்தனை பேர் கேட்டார்கள். அதை எப்படி நிறுத்தினேன் என்று அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அத்தனை மாதமும் வராத அழுகை அப்போது வந்தது. மகள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்கோ அம்மா" என்றாள், தமிழில். "எனக்கும் தெரியவேணும்."