மலையைத் தொடாத பாடத்திட்டம்

மூன்றாம் ஆண்டில் எந்தெந்தப் பாடங்களை எடுக்கப் போகிறோம், எந்த இடத்தின் பாறைகளை ஆய்வு செய்யப் போகிறோம் என்பதைக் கல்லூரி திறந்தவுடன் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லித்தான் எங்களைக் கோடை விடுமுறைக்கு அனுப்பினார்கள். சேலத்தில் விடுதியில் தங்கி நிலவியல் படித்துக்கொண்டிருந்தேன். வீடு இருக்கும் திருப்பூருக்குப் பேருந்தில் வரும்போதே எனக்கு இடம் முடிவாகிவிட்டது. சிவன்மலை.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் முருகன் மலை அது. நாங்கள் தறி நெய்த குடும்பம். அப்பா இப்போது பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறார், அம்மா இன்னொரு கம்பெனியில் தைத்த துணியில் பிசிறும் குறையும் பார்க்கிற செக்கிங். தறி போனாலும் முருகன் போகவில்லை. எனக்கு மொட்டை போட்டதும் காது குத்தியதும் அந்த மலையில்தான். பன்னிரண்டாம் வகுப்பில் நான் தேறியபோது அம்மா ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டே ஏறினார். எங்கள் இரண்டு பக்கத்து உறவிலும் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவர் அதுவரை யாரும் இல்லை. இதை நான் யாரிடமும் அடக்கமாகச் சொன்னதில்லை.

நான் என்ன படிக்கிறேன் என்பதுதான் எங்கள் லைன் வீட்டில் யாருக்கும் பிடிபடவில்லை. பூமியைப் பற்றி என்றால், போர்வெல் போட இடம் பார்க்கிற படிப்பா என்பார்கள். எதிர் வீட்டுக்காரர் ஒருநாள், "தேங்காய உள்ளங்கையில வெச்சுத் தண்ணி பாக்கறவனுக்குக் குடுக்கற காச உனக்கே குடுத்தறோம் கண்ணு, தேங்காயும் மிச்சம்" என்றார். சிரித்துவிட்டுப் போய்விடுவேன். வேறென்ன சொல்வது? நாம் நிற்கிற தரை ஒரு காலத்தில் பல மைல் ஆழத்தில் இருந்தது, மேலே இருந்ததெல்லாம் மழையிலும் வெயிலிலும் கரைந்து போனதால்தான் இது வெளியே வந்தது என்று சொன்னால், காலையில் எட்டரை மணி ஷிப்டுக்கு ஓடுகிறவர் நின்று கேட்பாரா?

நான்காம் செமஸ்டரில் பாறையியல் வகுப்பில் எங்கள் மேடம் தமிழ்நாட்டின் பாறைப் படத்தை விரித்து, காங்கேயத்தின் மேல் பென்சிலை வைத்தார். இங்கே ஒரு மலை இருக்கிறது, நெஃபலின் சயெனைட் என்ற பாறை, எல்லா ஊரிலும் கிடைக்காது, வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்றார். பூமிக்குள் உருகிய குழம்பு ஒன்று மேலேறி வந்து, வெளியே கொட்டாமல், உள்ளேயே மெல்ல மெல்லக் குளிர்ந்து கல்லானது. ஏறக்குறைய அறுபது கோடி ஆண்டுகளுக்கு முன்னால். அதற்குள் சில இடங்களில் குருந்தக் கல் உண்டு. நீலக்கல்லும் மாணிக்கமும் அந்த இனம்தான். பூமியில் எங்கே பார்த்தாலும் கிடக்கிற குவார்ட்ஸ் மட்டும் அந்தப் பாறையில் இருக்கவே இருக்காது. நெஃபலின் என்ற கனிமம் இருக்கும் இடத்தில் குவார்ட்ஸ் சேராது; சேர்ந்தால் இரண்டும் கலந்து வேறொன்றாக ஆகிவிடும்.

அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்து எத்தனை முறை பொங்கலும் சுண்டலும் தின்றிருப்பேன். எந்தக் கல் என்று ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. வகுப்பில் யாருக்கும் அது தெரிந்த இடம் இல்லை. எனக்கு மட்டும் படி தெரியும், மண்டபம் தெரியும், குரங்கு எந்த வளைவில் பையைப் பிடுங்கும் என்பது தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் தரையில் பாடப்பட்டியலைப் பரப்பி உட்கார்ந்தேன். பனியன் கம்பெனியில் ஆர்டர் வந்தால் ஷிப்மெண்ட் தேதியில் தொடங்கிப் பின்னோக்கித்தான் திட்டம் போடுவார்கள். இந்தத் தேதிக்குச் சரக்கு ஏற வேண்டும் என்றால் பேக்கிங் எப்போது, அயர்ன் எப்போது, தையல் எப்போது, கட்டிங் எப்போது, நூல் எப்போது வர வேண்டும் என்று. சாப்பாட்டு நேரத்தில் அப்பா பேசிப் பேசி எனக்கு அந்தக் கணக்கு ஊறிப்போயிருந்தது. அதையே செய்தேன். கடைசி செமஸ்டரில் சிவன்மலை வரைபடம். அதற்கு உயர்நிலைப் பாறையியல் வேண்டும். அதற்கு முன் நுண்ணோக்கியில் கனிமம் பார்க்கிற பாடம். விருப்பப் பாடத்துக்கு ரத்தினவியல், காங்கேயத்தில் கல் பட்டை தீட்டுகிற வேலை இருப்பதால். பின்னாலிருந்து வந்து முன்னால் முட்டியபோது எல்லாம் பொருந்தி இருந்தது. ஒன்றுதான் பாக்கி. களப்பணிக்குப் பெண்கள் தனியாகப் போகக்கூடாது, வீட்டார் ஒருவர் உடன் வர வேண்டும் என்பது எங்கள் துறையின் விதி. அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு வர வேண்டும். வராவிட்டால் விடுதிப் பெண்கள் நான்கு பேரோடு சேர்ந்து, யாரோ எடுத்துவைத்த தண்ணீர் மாதிரிகளை அறைக்குள் உட்கார்ந்து அளக்கிற திட்டம். பாறைப் பாடங்கள் எதுவும் அதற்குத் தேவையில்லை.

சாப்பிட்டு முடித்தபின் சொன்னேன். அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நம்ம மலையா? பொஸ்தகத்துல இருக்குதா?" என்று இரண்டு முறை கேட்டார். அம்மா பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"அங்க போயி என்ன பண்ணுவ கண்ணு?"

சுத்தியலால் தட்டி, கையளவு கற்களை எடுத்து வந்து, மெல்லிய தகடாகச் சீவி, நுண்ணோக்கியில் பார்ப்பேன் என்றேன்.

"சாமி மலையிலயா சுத்தியல் போடுவ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலையிலிருந்து இறங்கினால் அடிவாரத்தில் நின்று, கையோடு கொண்டுபோன பனியன் வேஸ்ட் துணியால் பாதத்தைத் துடைத்துவிட்டுத்தான் நாங்கள் செருப்புப் போடுவோம். சாமி மண் ஒரு துளிகூட நம்மோடு வரக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். விவரம் தெரிந்த நாளிலிருந்து நானும் துடைத்திருக்கிறேன். ஆனால் பாடத்திட்டம் போடும்போது அது என் நினைவுக்கே வரவில்லை. படிப்பு ஒரு பெட்டியிலும் மலை ஒரு பெட்டியிலும் இருந்திருக்கிறது.

வாதாடினேன். கெட்டிக்காரத்தனமாகத்தான் வாதாடினேன். அந்தப் பாறை மலையோடு நின்றுவிடுவதில்லை, சுற்றியிருக்கும் காடு தோட்டத்துக்கெல்லாம் அடியில் அதே கல்தான் ஓடுகிறது, மலை என்பது அதில் மேலே தெரிகிற தலை மட்டும், அதனால் மலைக்கென்று தனிக் கல் எதுவும் இல்லீங்கம்மா என்றேன்.

அம்மாவின் கண்கள் பெரிதாயின.

"அப்படின்னா அத்தனையும் சாமிதான" என்றார். "அப்ப அங்கயும் எடுக்கக் கூடாது."

அப்பா சிரித்தேவிட்டார். "காலேஜுக்கு அனுப்புனா, நல்லா வாதாடி உன்னையே மடக்கிக்கிட்ட அம்மிணி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் மேடத்துக்குப் போன் செய்தேன். மலையைத் தொடாமல் சிவன்மலையை எப்படி வரைவாய் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். மலையைச் சுற்றி வயல்தான், மேல்மண் மூடியிருக்கும், தெரிகிற கல்லும் வெயிலில் மக்கிப்போயிருக்கும், புதிதாக வெட்டிய பாறை எங்காவது கண்டுபிடித்தால் படம் எடுத்து அனுப்பு, இல்லையென்றால் தண்ணீர்க் குழுவில் சேர்ந்துகொள் என்றார்.

புதிதாக வெட்டிய பாறை. அதற்கு எங்கே போவது என்று வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தபோது அப்பாதான், கிணறு வெட்டினால் கல்தானே வரும் என்றார். அம்மாவோடு ஒரே செக்கிங் டேபிளில் நிற்கிற அக்காவின் பிறந்த வீடு மலைக்குக் கிழக்கே. அவர்கள் கிணற்றை இந்த வேனிலில்தான் ஆழப்படுத்தினார்களாம், வெடி வைத்து.

அம்மா அப்போதும் சரி என்று சொல்லவில்லை. பூ கேட்போம் என்றார்.

வீட்டில் ஒரு காரியத்தைத் தொடங்க மனம் ஒப்பாவிட்டால், வெள்ளை அரளியும் செவ்வரளியும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன் வைத்து ஒன்றை எடுப்போம். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும்; மறுபடி கேட்கக் கூடாது. வீடு வாடகைக்குப் பார்த்தபோதும், என்னை விடுதிக்கு அனுப்பும்போதும் பூ கேட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்று நான் யோசித்ததில்லை. மூன்றாம் ஆண்டுப் பாடங்கள் அத்தனையும் ஒரு பொட்டலத்துக்குள் போகும்போது யோசித்தேன்.

கிருத்திகை அன்று மலையேறினோம். இந்த முறை என் கண் படிகளில் இல்லை. பக்கவாட்டில் வெளிறிய பாறையும், அதில் ஊசி ஊசியாகக் கறுப்புத் தாதுவும், மக்கிப்போய்ச் சின்னச் சின்னக் குழிகளாக ஆன நெஃபலினும் தெரிந்தன. புத்தகத்தில் எழுதியிருந்தது அப்படியே இருந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே ஏறினேன்.

சன்னிதியில், மலையில் கல் எடுக்கலாமா என்று கேட்டுவிடலாமே என்று அப்பா மெல்லச் சொன்னார். ஒரேயடியாக முடிந்துவிடும் என்று அவருக்கு நினைப்பு.

"அதக் கேக்கப்படாதுங்க" என்றார் அம்மா. "கேட்டா அவரு குடுத்தாலும் குடுத்துருவாரு. அதுக்காகக் கேக்கறதா?"

கிணற்றுக்கு மட்டும் கேட்டார். அம்மாவே எடுத்தார். பொட்டலத்தைப் பிரிக்கும்போது நான் பார்க்கவில்லை. அப்பா பெருமூச்சு விட்டதைக் கேட்டேன். வெள்ளை.

அடுத்த ஞாயிறு அப்பா பைக்கிலும், நானும் அம்மாவும் பக்கத்து வீட்டு ஸ்கூட்டியிலுமாகப் போனோம். தோட்டத்துக்காரர் எங்களைக் கிணற்றோரம் அழைத்துப் போனார். கொங்கு நாட்டுக் கிணறு, சதுரமாக, ஒரு வீட்டையே உள்ளே இறக்கலாம் போல. வரப்போரம் வெட்டிப் போட்ட கற்குவியல் கிடந்தது. வேண்டியதை அள்ளிக்கொண்டு போங்க, வண்டி வைத்துக் கொட்டக் கூலி கேட்கிறார்கள் என்றார். நான் குவியலைப் பார்க்கவில்லை. கிணற்றுக்குள் பார்த்தேன்.

மேலே ஓர் ஆள் உயரத்துக்குச் செம்மண், அதன் கீழே சுண்ணாம்புக் கட்டிகள், அதற்குக் கீழே பாறை. வெடியில் பிளந்து இன்னும் வெயில் ஏறாத பாறை. வடக்குச் சுவரும் கிழக்குச் சுவரில் பாதியும் கறுப்பும் வெள்ளையுமாக வரி ஓடிய பழைய பாறை. மீதி முழுவதும் வெளிர் சாம்பல், உப்பைக் கொட்டியதுபோல் மின்னிக்கொண்டு. மலையின் கல். இரண்டும் சந்திக்கிற கோடு கிழக்குச் சுவரின் மேல் விளிம்பிலிருந்து சாய்வாக இறங்கித் தண்ணீருக்குள் போய் மறைந்தது. ஒரு பாறைக்குள் இன்னொன்று நெருப்பாக நுழைந்த இடம். அது நுழைந்த அன்று அங்கே யாரும் இல்லை, மீன்கூட இல்லை, பார்க்கக் கண் என்று எதுவும் பூமியில் இல்லை. இப்போது நான் ஒருத்தி, காலில் ரப்பர் செருப்போடு, அதன் விளிம்பில் நிற்கிறேன். மலையின் மேல் எத்தனை சுத்தியல் போட்டிருந்தாலும் இது எனக்குக் கிடைத்திருக்காது.

படம் எடுத்து மேடத்துக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது. அளவுக்கு ஏதாவது வைத்து மறுபடி எடு, கோட்டுக்குப் பக்கத்தில், என்று மட்டும். பாறையைப் படம் எடுத்தால் பக்கத்தில் ஒரு பொருள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது மலையா கூழாங்கல்லா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. வேண்டாம் என்று நினைத்தவர் மறுபடி எடுக்கச் சொல்லமாட்டார். அப்பாவிடம் காட்டினேன். அவர் போனை வாங்கி, படிக்கத் தெரிந்தவர்போல அந்த வரியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

சுவரில் கல் நீட்டிய படிகள் இருந்தன. கோடு முதல் சில படிகளை ஒட்டியே போனது. நான் ஒரு படி இறங்கினேன். வைப்பதற்குப் பேனாவைத் தேடினால் பை மேலே ஸ்கூட்டியில். பின்னாலேயே அம்மா புடவையைச் செருகிக்கொண்டு இறங்கி வந்தார். அவர் இடுப்புப் பையில் நூல் பிசிறு வெட்டுகிற ட்ரிம்மர் எப்போதும் இருக்கும், ஞாயிற்றுக்கிழமையும்.

"இது ஆகுமா?"

"ஆகுமுங்கம்மா. கோட்டுக்குக் குறுக்க வெச்சுப் புடிங்க."

பிடித்தார். விரல் நுனி பாறையில் பட்டது. எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. துணியில் பிசிறு தேடுகிறவர்போல, இன்னொரு கையால் அந்தக் கோட்டை மேலிருந்து கீழாக மெல்லத் தடவினார். நான் படம் எடுத்து முடித்த பின்னும் தடவிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு கண்ணு நேரா எறங்காம இப்பிடிச் சாஞ்சு போகுது? இது முன்னமே சாஞ்சுதான் வந்துச்சா, வந்ததுக்கப்புறம் எதாச்சும் தள்ளுச்சா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாதுங்கம்மா என்றேன்.

பாறைகள் எப்படிச் சாய்கின்றன, எது எதைத் தள்ளுகிறது என்று சொல்லித்தருவது அமைப்பு நிலவியல். கணக்கு அதிகம் என்று சீனியர்கள் பயமுறுத்தியதால் நான் ஒதுக்கி வைத்திருந்த விருப்பப் பாடம். அன்று மாலை வீட்டுக்கு வந்து, தரையில் உட்கார்ந்து, ரத்தினவியலை அடித்துவிட்டு அதை எழுதினேன்.